அம்மாவின் நாலு பாட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

லேப்டாப்பில் வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ண எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்று க்ளாஸில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான் படிப்பது பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் கட்டிய ட்யூஷன் ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன் :-)

எல்லோரும் முதலில் கேட்பது ஸ்பீடைத்தான். 5400 ஆர்பிஎம் போதுமா, 7200 வேண்டுமா, எஸ்எஸ்டி இல்லாமல் முடியாதா? நானும் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதற்கு முன்னால் ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்திருந்தால் பஸ் காசாவது மிச்சமாகியிருக்கும்.

கணக்கு இவ்வளவுதான். ஒரு மைக்கில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் வினாடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 1,44,000 பைட். நிமிடத்துக்கு 8.64 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 518 எம்பி. எட்டு மைக்கை ஒரே சமயத்தில் ஓடவிட்டாலும் வினாடிக்கு 1.2 எம்பியைத் தொடாது. பழைய லேப்டாப்பில் வரும் சாதாரண 5400 ஆர்பிஎம் டிஸ்க்கே வினாடிக்கு 70, 80 எம்பி எழுதும். அதற்கு நம் பாட்டு யானைப் பசிக்கு சோளப்பொரி.

(1956ல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் தான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டர். 50 தட்டு, ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைய அளவில் நாலு எம்பிகூடக் கிடையாது. அதில் என் அம்மா பாடினால் 26 வினாடியில் இடம் தீர்ந்துவிடும். பல்லவி முடியாது.)

அப்படியானால் ரெக்கார்டிங்கில் நடுநடுவே 'டிக் டிக்' என்று வெட்டு விழுகிறதே, அது டிஸ்க் ஸ்லோ என்பதால்தானே? நானும் அப்படித்தான் இரண்டு மாதம் டிஸ்க்கைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபர் 128 சாம்பிள் என்று இருந்தது. அதாவது ஏறக்குறைய 2.7 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ப்ராசஸர் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். என் பழைய ப்ராசஸருக்கு அது ஆகிற காரியமா? 256 ஆக மாற்றி, ரெக்கார்டிங் நடக்கும்போது வைஃபையை அணைத்தேன். வெட்டு நின்றுவிட்டது. செலவு ஜீரோ.

டிஸ்க் வேகம் நிஜமாகவே தேவைப்படுகிற இடமும் உண்டு. பியானோ, வயலின் என்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிந்து வைத்த சாம்பிள் லைப்ரரிகள் பல ஜிபி கணக்கில் வரும். வாசிக்க வாசிக்க டிஸ்க்கின் மூலை முடுக்கிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 5400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்று சுற்றவே 11 மில்லி செகண்ட். அந்த வேலைக்கு எஸ்எஸ்டி தான். வெறும் குரலும் கிடாரும் என்றால் அந்தக் கவலை இல்லை.

எஸ்எஸ்டி வாங்க எனக்குத் தெரிந்த உருப்படியான காரணம் வேறு. அது சத்தம் போடாது. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் வினாடிக்கு 90. டிஸ்க் ஓடும் லேப்டாப்பும் மைக் ஸ்டாண்டும் ஒரே மேஜையில் இருந்தால் அந்த அதிர்வு 'ங்ங்ங்' என்று மைக்குக்குள் போய் உட்காரும். பெரம்பூரில் ரயில் சத்தத்தோடு குடித்தனம் நடத்துபவனுக்கு இது வேறா? உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். போடுமுன் லேப்டாப் மாடல் நம்பரைக் கடையில் காட்டிவிடுங்கள். எம்.2 ஸ்லாட் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சிலதில் சாட்டா மட்டும் எடுக்கும், சிலதில் என்விஎம்இ மட்டும் எடுக்கும். கடைக்கார அண்ணன் கேட்டதால் நான் தப்பித்தேன்.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் ஃபீஸ் கட்டிய கதை.

256 ஜிபி சீக்கிரமே நிரம்பியது. வெளியே வைக்க ஒரு ட்ரைவ் வேண்டும். கையில் இருந்தது ஐயாயிரம். நம் படிப்பு சும்மா இருக்குமா, ஒரு ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்தேன். சின்னதாக இரண்டு வாங்குவதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கினால் யூனிட் காஸ்ட் குறைவு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் நல்ல மார்க் வாங்குகிறவன் இல்லையா! 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, லேப்டாப்பில் இருந்த பாட்டு எல்லாவற்றையும் கட் செய்து அதில் பேஸ்ட் செய்தேன். காப்பி இல்லை, கட். கேட்டவர்களிடம் "பேக்கப் வச்சிருக்கேன்" என்றுவேறு சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு பிரதி, அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பெயர் பேக்கப் என்று எனக்கு யார் சொன்னது என்று இன்னும் யோசிக்கிறேன்.

அதில் அம்மாவின் பாட்டு இருந்தது.

அம்மா சமையலறையில் நன்றாகப் பாடுவார். யாராவது வந்தால் நிறுத்திவிடுவார். மைக்கை நீட்டினால் கேட்கவே வேண்டாம். மூன்று மாதம் கெஞ்சி, ஒரு ஞாயிறு மத்தியானம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் போர்வை மாட்டி, இரண்டு ரயிலுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் பாட வைத்தேன். சுசீலா பாட்டு இரண்டு, ஒரு பெருமாள் பாட்டு, கடைசியாகப் பாட்டி எனக்குப் பாடிய தாலாட்டு. அதைப் பாடும்போது பாதியில் சிரித்துவிட்டு, "இருடா, மறந்துபோச்சு" என்று நிறுத்தி, திரும்ப எடுத்தார். பாட்டி போனபிறகு அந்தத் தாலாட்டு முழுசாகத் தெரிந்த ஆள் வீட்டில் அம்மா ஒருவர்தான்.

மூன்று வாரம் கழித்து ட்ரைவ் கட்டில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்த வேகத்தில் காலில் கேபிள் மாட்டியது. இரண்டடி உயரம்தான். ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கிறது, சுற்றும்போது விழுந்தால் தட்டையே உரசிவிடும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது 'டக்... டக்... டக்' என்ற சத்தம் மட்டும்.

டேட்டா மீட்டுத் தரும் ஒரு இடத்துக்கு எடுத்துப்போனேன். தூசி இல்லாத அறையில் திறக்கணும், 18,000 ஆகும், வரும் என்று உத்தரவாதம் கிடையாது என்றார்கள். "உள்ள என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டார் அவர். "நாலு பாட்டு சார்." "பாட்டுதானே, டவுன்லோட் பண்ணிக்கலாமே?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என்ன பாட்டு என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அம்மா பாடியது எல்லா டேக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். ஒரு ஜிபி சொச்சம். அன்று முழுக்க என் சாவிக்கொத்தில் ஒரு 16 ஜிபி பென் ட்ரைவ் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூகுள் அக்கவுண்டில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் அப்படியே கிடந்தது. பரீட்சையில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் என்று டேபிள் போட்டு எழுதுகிறோம். ட்ரைவ் வாங்கும்போது நான் பார்த்த விலை பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது மட்டும்.

மிஞ்சியது ஒரே ஒரு எம்பி3. கோயம்புத்தூர் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுசீலா பாட்டு. தாலாட்டு இல்லை.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2008 ஜூன் 1ம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த பாட்டுகளின் மாஸ்டர் டேப்புகளும் எரிந்தன. அந்த நஷ்டத்தைப் பற்றி 2019ல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியபோதுதான் வெளியுலகத்துக்கு விஷயம் பரவலாகத் தெரிந்தது. படித்தபோது கொஞ்சம் ஆறுதல். அல்ப சந்தோஷம்தான்.

எனவே கேட்ட இருவருக்கும்: உள்ளே ஒரு எஸ்எஸ்டி, சத்தத்துக்காக. மிச்சக் காசில் பெரிதாக ஒன்று வாங்காமல், சின்னதாக இரண்டு. பழைய சுற்றும் டிஸ்க்கே போதும். எழுதி முடித்ததும் கேபிளைக் கழற்றி, ஒன்றை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். எஸ்எஸ்டியை நிரப்பி வருஷக் கணக்கில் அலமாரியில் தூங்க விடாதீர்கள், கரண்ட் இல்லாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும். 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால்தான் நல்லா இருக்கும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு 48லேயே எடுங்கள். இடம் பாதிதான் ஆகும்.

என்னிடம் இப்போது 500 ஜிபி டிஸ்க் இரண்டு இருக்கிறது. ஒன்று சித்தி வீட்டு பீரோவில். அதில் தற்சமயம் இருப்பது ஒரு எம்பி3யும், அப்பா மைக் டெஸ்டிங்குக்காக இருமியதும்.

அம்மா ஆறு மாதமாக மசியவில்லை. "ஒரு தடவை பாடினதே பெரிசு, அதையும் தொலைச்சிட்டு வந்து நிக்கற" என்பார். போன வாரம் சித்தி ஃபோனில் பேசி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். தாலாட்டு மட்டும்தான், சுசீலா எல்லாம் கிடையாது, ஒரே டேக் என்று கண்டிஷன். வருகிற ஞாயிறு மத்தியானம். போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.