அத்தா விட்டுச்சென்ற யெஸ்டி



மோட்டார் சைக்கிளின் உறுப்புகளுள் பெரும்பாலானவை அதனை ஓட்டுபவருக்குப் பயன்படுவன. எஞ்சின் அவரைச் சுமந்து செல்கிறது. இருக்கை வசதி தருகிறது. பிரேக் உயிரைக் காக்கிறது. புகைக்குழாயின் முடிவில் இருக்கும் சைலன்சரோ, வண்டியில் ஏறாதவர்களை முதன்மையாக எண்ணிப் பொருத்தப்பட்டது. தெருவில் நடப்பவர், திண்ணையில் அமர்ந்திருப்பவர், தொட்டிலில் உறங்கும் குழந்தை, நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவர் ஆகியோரின் அமைதி அதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதனாலேயோ என்னவோ, அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் பலர் அதைப் பழுதாகவே கருதுவதில்லை. பிரேக் தேய்ந்தால் அன்றே பட்டறைக்குச் செல்பவர்கள்கூடச் சைலன்சரை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். எங்கள் அத்தா விட்டுச்சென்ற பழைய யெஸ்டி 250 வண்டியின் சைலன்சர்களை இவ்வாண்டு செப்பனிட்டபோது கண்டவற்றையும் கற்றவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டிகளை உரிமம் பெற்றுத் தயாரித்து வந்தது. 1973 முதல் அவ்வண்டிகள் யெஸ்டி என்னும் பெயரில் வெளிவந்தன. 1996இல் ஆலை மூடப்பட்டது. எங்கள் வண்டி 1974ஆம் ஆண்டுத் தயாரிப்பு. புதுக்கோட்டை மாவட்டம் உருவானதும் அதே 1974 ஜனவரி 14ஆம் நாளில்தான். ஆகவே "மாவட்டத்துக்கும் வண்டிக்கும் ஒரே வயசு" என்று அத்தா வேடிக்கையாகச் சொல்வார்கள். கியர் மாற்றும் அதே நெம்புகோலை மடக்கினால் அதுவே உதைத்துக் கிளப்பும் கோலாக மாறிவிடும். எஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டர்தான். ஆனால் அதிலிருந்து இரண்டு புகைக்குழாய்கள் புறப்பட்டு, வலமும் இடமுமாக இரண்டு சைலன்சர்களில் முடியும். அந்நாளில் யெஸ்டியைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டியது இந்த இரட்டைக் குழல்தான்.

அத்தாவுக்குக் கருவாட்டு வணிகம். அறந்தாங்கியிலிருந்து வைகறையில் புறப்பட்டுக் கோட்டைப்பட்டினத்துக்கோ ஜெகதாப்பட்டினத்துக்கோ சென்று சரக்கு எடுப்பார்கள். பஜ்ருக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள்கள் பல. அந்நாள்களில் அவர்கள் வாசலில் வண்டியைக் கிளப்பியதே இல்லை. கைப்பிடியைப் பற்றித் தெருமுனைவரை தள்ளிச் சென்று, பெரிய சாலையை அடைந்த பிறகே உதைப்பார்கள். சைலன்சர் நல்ல நிலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் விளக்கியதில்லை.

2018 நவம்பர் 15 அன்று மும்பையில் ஜாவா என்னும் பெயர் புதிய வண்டிகளோடு மீண்டும் சந்தைக்கு வந்தது. ஒற்றைச் சிலிண்டருக்கு இரட்டைச் சைலன்சர் என்னும் பழைய வழக்கத்தை அவையும் கைவிடவில்லை. மறுநாள், நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் அடைந்த சேதத்தை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வீழ்ந்த தென்னைகளை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். எங்கள் வீட்டுக் கொட்டகையும் சரிந்து வண்டியின் மேல் விழுந்தது. கூரை போடும் வேலைகளுக்கு நடுவே வண்டி ஒரு தார்ப்பாய்க்கு அடியில் மழைக்காலம் முழுதும் கிடந்தது. அதன்பின் அத்தாவின் முழங்கால் உதைத்துக் கிளப்ப இடங்கொடுக்கவில்லை. சென்ற ஆண்டு அவர்கள் மவுத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

வண்டி இப்போது வாரிசுகள் அனைவருக்கும் உரிய பொருள். அண்ணன், நான், தங்கை ஆகிய மூவரும் கூடிப் பேசினோம். பழைய இரும்புக்குப் போட்டுக் கிடைப்பதைப் பங்கிடலாம் என்றார் அண்ணன். அவருடைய மகனோ வண்டி தனக்கு வேண்டும் என்றான். தங்கை சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அத்தா வண்டி ஓடட்டும். ஆனா அத்தா ஓட்டுன மாதிரி ஓடணும்." அதன்படி, வண்டிக்கு ஒரு மதிப்பு வைத்து, அண்ணன் எங்கள் இருவரின் பங்கையும் கொடுத்துவிடுவதென்றும், செப்பனிடும் பொறுப்பை நான் ஏற்பதென்றும் முடிவாயிற்று.

வண்டியைக் கிளப்பிய அன்றே சிக்கல் வெளிப்பட்டது. வலப்புறம் ஓசை அடைத்துக்கொண்டு மந்தமாக வந்தது; இடப்புறமோ பட்டாசு வெடிப்பதுபோல் வெடித்தது. அண்ணன் மகன் முகம் மலர்ந்தான். "சின்னத்தா, இதைப் போய்ச் செலவு பண்ணி அடைக்கிறதா? அந்தக் காசுல புதுசா சத்தம் போடுற பைப்பே ரெண்டு வாங்கிடலாம். கெத்தா இருக்கும்" என்றான். அவன் மட்டும் அல்லன். நம் ஊர்களில் இளைஞர் பலரின் ஆசை இது. ரமலான் இரவுகளில் தராவீஹ் முடிந்து வீதியில் சீறும் வண்டிகளின் ஓசையை அறியாதவர் யார்? அவனுக்கு மறுமொழி கூறாமல் பட்டறைக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கிருந்த மெக்கானிக் நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர். சைலன்சர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அவர்தான் அவனுக்கு விளக்கினார். சிலிண்டரிலிருந்து புகை சீராக வழிவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அழுத்த வீச்சாக வெளியேறுகிறது. அந்த வீச்சு நேரே காற்றில் மோதினால் வெடியோசை. சைலன்சருக்குள் துளைகளிட்ட ஒரு குழல் இருக்கும். பட்டறையில் அதைப் பஃபிள் என்பார்கள். புகை விரிந்தும் மோதியும் திரும்பியும் அதன் துளைகள் வழியே செல்லும்போது வேகம் தணிந்து, ஓசை அடங்கி வெளிவருகிறது.

யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதில் புகை வெளியேறும் வாயில் திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அக்கலவையில் ஒரு பகுதி புகையோடு நழுவப் பார்க்கும். சைலன்சரில் மோதித் திரும்பும் அழுத்த அலை, அதில் கொஞ்சத்தை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. எனவே குழாயின் நீளமும் உள்ளமைப்பும் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. பஃபிளைப் பிடுங்கி எறிந்தால் ஓசை கூடும், ஆனால் தாழ்ந்த வேகத்தில் இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும். "சத்தம் ஏறுனா பவர் ஏறிடுச்சுன்னு காது நம்பிடும் தம்பி. வண்டி நம்பாது" என்றார் அவர்.

பிறகு கழற்றத் தொடங்கினார். சிலிண்டரோடு பெண்ட் பைப்பை இணைக்கும் வளைய நட்டை, உளி வைத்துத் தட்டாமல், அதற்கே உரிய கொக்கி ஸ்பேனரால் திருப்பினார். உளியால் தட்டினால் மரை கெட்டு, அதன்பின் எந்நாளும் அவ்விடத்தில் புகை கசியும். அங்கிருந்த பழைய வாஷரை ஈரத்துணியால் மூடி எடுத்தார். அக்காலத்து வாஷர்களில் கல்நார் கலந்திருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால்.

வலப்புறச் சைலன்சரில் கண்டது கரி. பெட்ரோலோடு ஆயில் கலந்து எரியும் எஞ்சினில், எரியாத ஆயில் பஃபிளின் துளைகளில் படிந்து, நாளடைவில் கெட்டிக் கரியாகிவிடுகிறது. அத்தா லிட்டருக்கு 40 மில்லி ஆயில் ஊற்றுவார்கள். மெக்கானிக் பஃபிளை உருவி, இரும்பு வாளியில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தார். நீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தையோ உறுப்பையோ அதன் அருகே கொண்டுபோகக் கூடாது, அரித்துவிடும். மறுநாள் கம்பித் தூரிகையால் தேய்த்ததும் துளைகள் யாவும் திறந்துகொண்டன.

இடப்புறத்துக் கதை வேறு. பக்கத் தாங்கியில் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்ற வண்டியில், மழைநீர் அந்தச் சைலன்சருக்குள் புகுந்து அடிப்பகுதியில் தேங்கியிருந்தது. உள்ளிருந்தே துரு அரித்து, வெளியில் பளபளத்த குரோமையும் பெயர்த்துவிட்டது. ஓட்டை விரல் நுழையும் அளவுதான். ஆனால் மெக்கானிக் அதைச் சுற்றித் திருப்புளி முனையால் அழுத்திப் பார்த்தார். ஒரு சாண் தூரத்துக்குத் தகடு காகிதம்போல் உள்வாங்கியது. ஓட்டையை மட்டும் அடைத்தால் அடுத்த மாதம் அதன் ஓரத்தில் இன்னொன்று விழும்.

இரண்டு வழிகள் இருந்தன. சந்தையில் கிடைக்கும் புதிய சைலன்சரை வாங்கலாம். வாங்கினால் இரண்டையும் சோடியாகவே மாற்ற வேண்டும். ஒரே சிலிண்டரின் புகை இரண்டாகப் பிரிவதால், ஒரு பக்கம் உள்ளமைப்பு வேறாக இருந்தால் ஓட்டம் சமமாகாது. அல்லது பழையதையே காப்பாற்றலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். மெல்லிய தகடு பொத்துக்கொள்ளும் என்பதால் ஆர்க் வெல்டிங்கைத் தவிர்த்து, அரித்த பகுதியைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பொருத்திக் கேஸ் வெல்டிங் செய்தார். உளுத்துப்போன பஃபிளுக்குப் பதிலாக, வலப்புறத்ததை மாதிரியாகக் கொண்டு, அதே விட்டம், அதே துளைக் கணக்கில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகச் செய்யச் சொன்னோம். ஒட்டுப்போட்ட இடத்தில் குரோம் இல்லை. வெப்பம் தாங்கும் வெள்ளி வண்ணப் பூச்சுத்தான். தழும்பு தெரிகிறது; அதனால் குறையொன்றும் இல்லை.

இந்த வேலை நடந்த நாள்களில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை நலம் விசாரிக்க அண்ணன் மகனோடு சென்றேன். பக்கவாதத்துக்குப் பின் அவர் தெருவோர அறையில்தான் படுத்திருக்கிறார். அத்தாவின் வண்டியைச் செப்பனிடுவதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "உங்க அத்தா வெள்ளனக் கெளம்புறது எனக்குச் சக்கரம் உருளுற சத்தத்துலதான் தெரியும். இன்ஜின் சத்தம் நான் கேட்டதில்ல" என்றார். அண்ணன் மகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் லேத் பட்டறைக்குப் பஃபிளை எடுத்துச் சென்றது அவன்தான்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வண்டிகளுக்குச் சைலன்சரைக் கட்டாயமாக்குகின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியின் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். ஒலித் தரத்தை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஆயினும் நமக்கு அபராதத்துக்கு முன்பே நினைவுக்கு வரவேண்டியது ஹக். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும், நம்மால் அவருக்குத் தொல்லை நேராதிருப்பது அவருடைய உரிமை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள். லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளுள் நடையையும் குரலையும் பற்றியவை அடுத்தடுத்து வருவதையும் நாம் அறிவோம். காலால் நடந்த காலத்து அந்த ஒழுக்கம், சக்கரத்தில் செல்லும் நமக்கும் பொருந்தாதா?

பழைய வண்டி வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள். குறுந்தொலைவுக்கே ஓட்டும் வண்டியில் சைலன்சர் விரைவில் அரிக்கும். புகையில் உள்ள நீராவி உள்ளே குளிர்ந்து நீராகித் தங்கிவிடுவதே காரணம். ஆகவே வாரம் ஒருமுறையேனும் நன்கு சூடேறும் தொலைவுக்கு ஓட்டுங்கள். கடலோர ஊர்களில் இருப்போர் உப்புப் படிவை நல்ல நீரால் கழுவித் துடையுங்கள். இணைப்பில் கறுப்பாக ஆயில் வழிந்தால் வாஷரை மாற்றுங்கள். வெல்டிங் செய்த இடத்தில் சோப்பு நீரைத் தடவி, எஞ்சின் சூடேறும் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள்; குமிழி எழுந்தால் கசிவு உண்டு. இரட்டைச் சைலன்சர் வண்டியானால் இரு முனைகளுக்கும் பின்னால், சற்றுத் தள்ளி, கையை நீட்டுங்கள்.

எங்கள் வண்டி முடிந்த அன்று அண்ணன் மகன் அப்படித்தான் இரு கைகளையும் நீட்டிக் குந்தியிருந்தான். "ரெண்டும் ஒரே மூச்சா வருதா?" என்று மெக்கானிக் கேட்டார். வருகிறது என்றான். இப்போது வண்டி அவனிடம் இருக்கிறது. சைலன்சர் சரியாகிவிட்டதால் வாசலிலேயே கிளப்பினாலும் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. அவன் பஜ்ருக்குச் செல்லும்போது தெருமுனைவரை தள்ளிக்கொண்டுதான் போகிறான் என்று தங்கை சொன்னாள்.