கைகூப்பும் கூரைகளுக்குக் காவல் நிற்போர்

யப்பானிய மொழியிலே ‘கஷ்ஷோ’ என்னும் சொல்லுக்குக் கைகூப்புதல் என்பது பொருள். அந்நாட்டின் நடுவே, கிபு மாகாணத்து மலைகளுக்கிடையில், ஷோ என்னும் ஆற்றின் கரையிலே ஷிரகவா என்றோர் ஊர் இருக்கின்றது. அவ்வூரின் பழைய வீடுகளுடைய கூரைகள், இரு கரங்களையும் விரல்நுனி சேரக் கூப்பி வானத்தை நோக்கி நிறுத்தினாற்போல உயர்ந்து நிற்பவை. அதனாலே அவற்றைக் கஷ்ஷோ வீடுகள் என்று அழைக்கின்றனர். காணச் செல்வோர் கூரைகளின் அழகை வியந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவர். புல்லினால் வேய்ந்த இக்கூரைகள் இத்தனை காலம் எரியாமல் நிற்பது எவ்வாறு என்று கேட்போர் சிலரே. நாம் இன்று அதனைக் கேட்பதற்காகவே அங்குச் செல்கின்றோம்.

தகயாமா நகரிலே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஊரை அடையலாம். வழியின் பெரும்பகுதி மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகளே. அவற்றுள் ஹிதா சுரங்கம் 10 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. 2008ஆம் ஆண்டிலேதான் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், வெண்பனி ஆளுயரத்துக்கும் மேலாகக் குவியும் மாரிக்காலத்தில் இவ்வூருக்குப் போய்வருவது எளிதான காரியமாக இருந்ததில்லை. ஆற்றைக் கடக்க ஒரு தொங்கு பாலம் உண்டு. ‘சந்திக்கும் பாலம்’ என்று அதற்குப் பெயர். நடந்து அக்கரை சேர்ந்தால் ஒகிமாச்சி என்னும் குடியிருப்பு. கஷ்ஷோ வீடுகள் மிகுதியாக எஞ்சியிருப்பது இங்கேதான். குடியிருக்கும் பெரிய வீடுகள் ஏறக்குறைய 60; களஞ்சியங்களையும் கொட்டில்களையும் சேர்த்தால் நூற்றுக்கு மேற்படும்.

வீட்டினுள் நுழைந்து பார்ப்போம். கூரை ஏறக்குறைய 60 பாகை சரிவுடையது. பனி அதன்மேல் தங்கிப் பாரமாகாமல் வழுக்கி விழவேண்டும் என்பதற்காகவே இவ்வமைப்பு. கூரைச் சட்டத்திலே ஆணி இல்லை. மரங்களை வைக்கோற் கயிற்றினாலும், முறுக்கிய இளங்கொம்புகளினாலும் இறுகக் கட்டியிருக்கின்றனர். அதன்மேல் நாணலைப் போன்ற ஒருவகைப் புல்லைத் தடிப்பாக அடுக்கியிருக்கின்றனர். நமது கிடுகு வேய்ச்சலை மனத்திற்கொண்டு இதனை மதிப்பிடலாகாது. இதன் கனம் சாணளவன்று, முழக்கணக்கிற் சொல்லத்தக்கது. ஒருமுறை வேய்ந்தால் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கும் என்பர்.

அவ்வாறு நிற்பதற்குக் காரணமாவது தீயே என்பதுதான் விந்தை. வீட்டின் நடுவே தரையிற் பதித்த கணப்படுப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து எழும் புகை மேல்தளங்களை ஊடறுத்துச் சென்று கூரைப் புல்லிலே படிகின்றது. புகை படிந்த புல்லைப் பூச்சி அரிப்பதில்லை. ஈரம் உளுக்கச் செய்வதில்லை. கட்டுக் கயிறுகளும் இறுகிக் கருமையடைகின்றன. அடுப்பு அணைந்த வீட்டின் கூரை விரைவில் இற்றுவிடும். அக்காலத்தில் அந்த மேல்தளங்களிலே பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே, தரைப் பலகைகளுக்கு அடியிலே, மண்ணையும் புல்லையும் பட்டுப்புழுவின் எச்சத்தையும் குழியிலிட்டுப் பதப்படுத்தி வெடியுப்பு எடுத்தார்கள். வெடிமருந்துக்கு வேண்டிய சரக்கு அது. மேலே புல், நடுவே நெருப்பு, கீழே வெடியுப்பு! இப்படிப்பட்ட வீட்டிலே பிறந்து வளர்ந்தவனுக்குத் தீயைப்பற்றி எவரும் பாடம் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

வீடு ஒன்று எரிந்தால் அதனோடு நிற்பதில்லை. பள்ளத்தாக்கு வடக்குத் தெற்காக அமைந்திருப்பதால் காற்றும் அவ்வழியே வீசுகின்றது. ஒரு கூரையிலே பறந்த பொறி அடுத்த கூரைக்குச் செல்லச் சில நிமிஷங்கள் போதும். ஆகவே ஒகிமாச்சியில் தீயணைத்தல் என்பதற்கு, எரிகின்ற வீட்டை அணைத்தல் என்பது இரண்டாவது பொருள். எரியாத வீடுகளை நனைத்துவிடுதல் என்பதே முதற்பொருள்.

இதற்கென ஊர் முழுவதும் 59 நீர்ப் பீரங்கிகளை நாட்டியிருக்கின்றனர். வெளியார் கண்ணுக்கு அவை எளிதிற் புலப்படா. ஒவ்வொன்றையும் கஷ்ஷோ வீட்டின் வடிவிலேயே செய்த ஒரு சிறு மரக்கூண்டினுள் மறைத்து வைத்திருக்கின்றனர். கூண்டைத் திறந்து திருகினால் நீர்த்தாரை கூரைகளுக்கு மேலாக எழுந்து வில்லாக வளைந்து பொழியும். குன்றின்மேல் உள்ள தொட்டியிலிருந்து நீர் தன் வேகத்திலேயே இறங்கி வருவதால், மின்சாரம் அற்றுப்போன நேரத்திலும் பீரங்கிகள் இயங்கும். ஆண்டுதோறும் அறுவடை முடிந்து, பனி விழுமுன்னர், இவை எல்லாவற்றையும் ஒருங்கே திறந்து சோதனை பார்க்கின்றனர். இலையுதிர் காலத்துச் செம்மையான மலைகளின் முன்னே ஊர் முழுவதும் நீர்த்திரையுள் மறையும் அக்காட்சியைப் படம் பிடிக்க எங்கெங்கிருந்தோ வருகின்றார்கள். ஊராருக்கு அது காட்சியன்று. எந்தத் திருகு இறுகிவிட்டது, எந்தக் குழாய் கசிகின்றது, யாருடைய கை பழகவில்லை என்பதை அறியும் நாள் அது.

பீரங்கியைத் திருகுவோர் யார்? சம்பளத்துக்கு அமர்த்திய வீரரல்லர். விடுதி நடத்துபவர், வயல் செய்பவர், கூரை வேய்பவர், கிராம சபையிலே எழுத்து வேலை பார்ப்பவர் ஆகிய ஊரார்தாம். யப்பானியர் ‘ஷோபோதான்’ என்று சொல்லும் தொண்டர் தீயணைப்புப் படை நாட்டின் ஊர்தோறும் உண்டு. முழுநேரத் தீயணைப்பாளர் வேறாக இருக்கின்றனர். ஆயினும் மலையூர்களிலே முதற் சில நிமிஷங்கள் ஊராருடைய பொறுப்பே. படையிற் சேர்ந்தவருக்குச் சட்டப்படி அரசாங்க ஊழியர் என்ற மதிப்பும் சிறு கொடுப்பனவும் உண்டு. சாதாரண உறுப்பினருக்கு ஆண்டுக்கு 36,500 யென் என்று 2022ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கம் ஓர் அளவு வகுத்திருக்கின்றது. ஒரு குடும்பம் ஒரு மாதம் உண்பதற்குக்கூட அது காணாது. பணத்துக்காக எவரும் சேர்வதில்லை என்பதை எடுத்துச் சொல்லவேண்டுமா?

இப்படைகளின் வரலாறு நீண்டது. டோக்கியோ நகரம் ஏதோ என்ற பெயரோடு இருந்த காலத்திலே, 1657ஆம் ஆண்டில், ஒரு பெருந்தீ நகரத்தின் பெரும்பகுதியையும் விழுங்கியது. கோட்டையின் நடுக்கோபுரமும் அதில் அழிந்தது; பின்னர் அது எழுப்பப்படவேயில்லை. அதன் பின்பும் தீக்கள் ஓயாமையால், நகர நீதிபதியாக இருந்த ஓஓகா ததசுகே என்பவர் நகரவாசிகளையே குழுக்களாகத் திரட்டினார். 1720இல் அக்குழுக்களுக்கு யப்பானிய நெடுங்கணக்கின் எழுத்துக்களைப் பெயராக இட்டனர். குழுவிலே சேர்ந்தவரிற் பலர் கூரைவேலையும் கட்டட வேலையும் செய்தவர். ஏனெனில் அந்நாளில் நீரூற்றி அணைத்தல் அரிது. காற்று வீசும் திசையிலே உள்ள வீடுகளைக் கொக்கியால் இழுத்து வீழ்த்தித் தீக்கு இரையில்லாமற் செய்வதே வழக்கம். வீட்டைக் கட்டத் தெரிந்தவனுக்கே அதனை விரைவாகப் பிரிக்கவும் தெரியும் அல்லவா? 1894இல் நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. போருக்குப் பின்னர், 1947இல், இன்றுள்ள தொண்டர் படை என்ற அமைப்பு உருவாயிற்று.

அயலவன் தீயணைப்பதன் பயன் தீயோடு நின்றுவிடவில்லை. 1995 ஜனவரி 17ஆம் திகதி அதிகாலையில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபொழுது, அதன் மையத்துக்கு மிக அருகே அவாஜித் தீவின் ஹொகுதான் என்ற சிற்றூர் இருந்தது. இடிந்த வீடுகளுக்குள் ஏறக்குறைய 300 பேர் அகப்பட்டனர். தொண்டர் படையினரும் அயலவரும் சேர்ந்து அவர்களைத் தேடினர். எந்த வீட்டிலே எந்த அறையில் பாட்டி உறங்குவாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே தோண்டவேண்டிய இடத்தை நேரே தோண்டினார்கள். அன்று மாலைக்குள் காணாமற் போனவர் எவருமில்லை என்று கணக்கு முடிந்தது. எந்த இயந்திரமும் இந்த அறிவைத் தரமாட்டாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011 மார்ச் 11ஆம் திகதி வடகிழக்குக் கரையைக் கடல் கொண்டபொழுது, இப்படையினர் 250 பேருக்கு மேல் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். கடல்நீர் புகாதபடி மதகுகளை மூடச் சென்றவர்களும், முதியோரை மேட்டுக்கு அழைத்துச் சென்றவர்களும் அவர்களுள் பலர்.

மீண்டும் ஒகிமாச்சிக்கு வருவோம். இங்கே படையினரோடு காவல் முடிந்துவிடுவதில்லை. ‘தீ கவனம்’ என்று கூவிக்கொண்டு ஊரைச் சுற்றிவரும் பணியை வீடுகள் முறைவைத்துச் செய்கின்றன. நாளுக்குப் பல தடவை, மழையானாலும் பனியானாலும், முறைக்குரிய வீட்டாரில் ஒருவர் புறப்படவேண்டும். ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. கேட்பவருக்கு இது வெறும் சடங்காகத் தோன்றலாம். அடுப்பை மூடப்போகும் வேளையிலே அயல்வீட்டுக்காரி வாசலிற் கூவிச்செல்வதைக் கேட்டவள் இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தானே படுப்பாள்?

இவ்வீடுகள் எஞ்சியதும் ஊராருடைய தீர்மானத்தினாலேதான். அணைக்கட்டு வேலைகளினாலும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததனாலும் கஷ்ஷோ வீடுகள் ஒவ்வொன்றாய் மறைந்துவந்த காலத்தில், 1971இல், ஒகிமாச்சி மக்கள் கூடி விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று மூன்று விதிகளை வகுத்துக்கொண்டார்கள். 1976இல் அரசாங்கப் பாதுகாப்புக் கிடைத்தது. 1995இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இத்தனை ஆண்டுப் பயிற்சிக்கும் 2019 நவம்பர் 4ஆம் திகதி சோதனை வந்தது. அதற்கு நான்கு நாட்களின் முன்னரேதான் ஒகினாவாத் தீவில் ஷூரி அரண்மனையின் பிரதான மண்டபம் எரிந்து விழுந்திருந்தது. நாடே அத்துயரத்தில் இருந்த வேளை. அன்று விடுமுறை நாள். ஊர் நிறையப் பிரயாணிகள். பிற்பகலில், ஆற்றுக்கு அப்பால் வாகனங்கள் நிறுத்தும் இடத்தருகே, கஷ்ஷோ வடிவிற் கட்டிய ஒரு கொட்டிலிலே தீப்பற்றி அயலில் இருந்த மற்றொன்றுக்கும் தாவியது. உடனே பீரங்கிகள் திறந்தன. அயற்கூரைகளின்மேல் நீர்த்தாரைகள் எழுந்தன. அப்படங்கள் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயின. இரு கொட்டில்கள் எரிந்தன. ஒருவருக்கும் காயமில்லை; மரபுரிமை வீடு ஒன்றேனும் கருகவில்லை.

இன்று ஊரார் கவலைப்படுவது தண்ணீரைப்பற்றியன்று, ஆளைப்பற்றியே. ஷிரகவாக் கிராமம் முழுவதற்கும் சனத்தொகை ஏறக்குறைய 1,500. இளைஞர் படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாக நகரங்களுக்குச் செல்கின்றனர். இது இவ்வூருக்கு மட்டும் உரிய குறையன்று. 1950களில் யப்பான் முழுவதிலும் தொண்டர் தீயணைப்பாளர் ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் இருந்தனர். 2022இல் அத்தொகை எட்டு இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது; இறக்கம் இன்னும் நிற்கவில்லை. பெண்களையும் மாணவர்களையும் சேர்க்க முயல்கின்றனர். பெண்களின் தொகை கூடியிருப்பது நல்ல செய்தி. குழாயை விரித்துச் சுருட்டும் போட்டிகளுக்காக விடியற்காலையிலே வாரக்கணக்காகப் பயிற்சி வைப்பது இளைஞரை வெருட்டுகின்றது என்று சிலர் குறை சொல்கின்றனர். அதில் நியாயம் இருக்கின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது. போட்டிக்குரிய நடையழகு தீயின் முன்னே உதவாது. ஆனால் இருளிலும் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று கை அறிந்திருக்க வேண்டுமானால், பயிற்சியை ஒரேயடியாக விடவும் முடியாது.

அங்குச் செல்ல எண்ணும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. குறித்த இடங்களிலன்றி ஊருக்குள் புகைபிடித்தலாகாது, வாணவேடிக்கைக்கும் இடமில்லை. மரக்கூண்டுகளின் முன்னே பொருள்களை வைத்து வழியை மறைத்தலும் ஆகாது. பிரயாணிகள் பெரும்பாலும் பகற்பொழுதிலேயே பஸ் ஏறிவிடுகின்றனர். ஆகையால் இராக்காவலின் குரலைக் கேட்பவர் குறைவு. கஷ்ஷோ வீடுகளுட் சில விடுதிகளாக நடைபெறுகின்றன. அங்குக் கணப்படுப்பின் அருகே இருந்து உணவருந்தி ஓர் இரவு தங்கலாம். அறைகள் சிலவே, முன்கூட்டியே இடம் ஒதுக்கிக்கொண்டு செல்லவேண்டும்.