முதுகுக்குப் பின்னிருந்து வந்த இசை

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துத் தாமஸ் தேவாலயத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால், வாசிக்கிறவர்களைப் பார்க்க முடியாது. பாடும் சிறுவர்களும் இசைக்குழுவும் வாசல் பக்கத்து மாடத்தில், ஆர்கனுக்குக் கீழே நிற்பார்கள். நாம் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பலிபீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு வெண்கலப் பலகை. அதன் கீழே இசையமைப்பாளர் பாஹ் உறங்குகிறார். பின்னாலிருந்து எழும் அவருடைய இசை நம் தலைக்கு மேலாகக் கடந்து அவரிடமே போய்ச் சேரும்.

படிக்கப் போன இடத்தில் எனக்கு இப்படி ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதல் வாரம் மற்றப் புதியவர்களைப் போல நானும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த ஒரு பாட்டி கண்ணை மூடிக் காட்டினார், இப்படிக் கேள் என்று. அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. ஓபோ ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த, வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து அதில் சுருதி சேரும். அந்த அரை நிமிடத்தில் மர பெஞ்சுகளின் முனகலும் இருமலும் அடங்கிவிடும். ஊர் திரும்பிய பிறகு நான் அதிகம் தேடுவது பாட்டைக்கூட அல்ல, அந்த அரை நிமிடத்தைத்தான்.

மாடத்தில் வாசித்தவர்கள் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவைச் சேர்ந்தவர்கள். சனிக்கிழமை தேவாலயத்தில், மற்ற நாட்களில் ஓபராவில், கச்சேரி நாளில் தங்கள் அரங்கில் என்று ஒரே குழு நகரத்தின் மூன்று இடங்களுக்கும் வாசிக்கிறது. 1743-இல் பிரபுக்களும் வணிகர்களுமாகப் பதினாறு பேர் காசு போட்டு, பதினாறு வாத்தியக்காரர்களைச் சேர்த்துத் தொடங்கியது அது. அப்போது பாஹ் இதே ஊரில், இதே தேவாலயத்தில் வேலையில் இருந்தார். பணம் கொடுத்தது அரசவை அல்ல, ஊர்க்காரர்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு லைப்சிக்காரர்கள்மேல் தனி மரியாதை உண்டு. முதலில் வீடுகளில் வாசித்தார்கள், பிறகு மூன்று அன்னங்கள் என்ற பெயர் கொண்ட விடுதியில். 1781-இல் துணி வணிகர்களின் கட்டடத்து மேல்தளத்தில் மரத்தால் ஓர் அரங்கம் கட்டிக்கொண்டார்கள். கெவாண்ட்ஹவுஸ் என்றாலே துணி மாளிகை என்றுதான் பொருள். கட்டடத்தின் பெயர் குழுவுக்கு ஒட்டிக்கொண்டது.

ஏறத்தாழ ஐந்நூறு பேர் அமரும் அந்தச் சின்ன அரங்கில் என்னென்ன நடந்திருக்கிறது! 1789-இல் மோட்சார்ட் வந்து வாசித்தார். 1835-இல் இருபத்தாறு வயது மெண்டல்சன் குழுவின் நடத்துநராகப் பொறுப்பேற்றார். ஷூபர்ட் இறந்து பத்து ஆண்டுகளாக வியன்னாவில் அவருடைய அண்ணன் வீட்டில் கிடந்த பெரிய சி மேஜர் சிம்பொனியின் கையெழுத்துப் பிரதி இசையமைப்பாளர் ஷூமன் கண்ணில் பட்டு, லைப்சிக்குக்கு வந்து சேர்ந்து, 1839 மார்ச் 21 அன்று மெண்டல்சன் கையசைவில் முதன்முறையாக மேடையில் ஒலித்தது. எழுதியவர் மேடையில் கேட்காத இசையை அந்த மர அரங்கம் கேட்டது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் பாஹுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப மெண்டல்சன் தானே கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார். 1843-இல் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். 1847-இல், முப்பத்தெட்டு வயதில், இதே ஊரில் இறந்தார்.

என் வகுப்புகள் பேத்தோவன் தெருவில், பெரிய நூலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில் நடந்தன. கண்ணாடியும் கான்கிரீட்டுமான பல்கலைக்கழகக் கட்டடம். இரண்டாவது கெவாண்ட்ஹவுஸ் நின்ற மண் அதுதான் என்று தெரியாமலே ஒரு பருவம் முழுக்கப் போய் வந்திருக்கிறேன். 1884-இல் திறந்த அரங்கம் அது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் தங்கள் சிம்பொனி அரங்கத்துக்கு அதைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார்கள். வாசலில் மெண்டல்சனின் சிலை இருந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக, 1936 நவம்பரில் மேயர் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, இரவோடு இரவாக அதைப் பெயர்த்துவிட்டார்கள். மேயர் கார்ல் கோயர்டெலர் பதவி விலகினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, யூதர் என்பதால், குழுவின் தலைமை நடத்துநர் புரூனோ வால்ட்டரை மேடையேற விடாமல் வெளியேற்றியிருந்தார்கள். தன் குழுவை வளர்த்தவரையே தன் வாசலிலிருந்து அகற்றிய அந்த அரங்கமும் நிலைக்கவில்லை. 1943 டிசம்பரிலும் 1944 பிப்ரவரியிலும் விழுந்த குண்டுகளில் எரிந்தது. சுவர்கள் மட்டும் இருபத்து நான்கு ஆண்டுகள் நின்றன. திரும்பக் கட்டியிருக்கலாம் என்றே எனக்கு இன்றும் தோன்றுகிறது. 1968 மார்ச்சில் இடித்துத் தள்ளினார்கள். அதே ஆண்டு மே மாதம், நகரத்தின் நடுச் சதுக்கத்தில் இருந்த பழைய பல்கலைக்கழகத் தேவாலயத்தையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அரங்கம் இல்லாத அத்தனை ஆண்டுகளும் குழு மிருகக்காட்சி சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் வாசித்தது. 1981-இல்தான் மூன்றாவது கெவாண்ட்ஹவுஸ் வந்தது, அந்த நடுச் சதுக்கத்திலேயே. அதற்காகப் போராடியவர் நடத்துநர் குர்ட் மசூர். எட்டு ஆண்டு கழித்து, 1989 அக்டோபர் 9 அன்று, கிழக்கு ஜெர்மனி ஆட்சியை எதிர்த்து எழுபதாயிரம் பேர் வீதிக்கு வந்த மாலையில், வன்முறை வேண்டாம் என்று ஆறு பேர் சேர்ந்து எழுதிய வேண்டுகோள் ஒலிபெருக்கிகளில் மசூரின் குரலில்தான் கேட்டது. அன்று துப்பாக்கி வெடிக்கவில்லை.

அந்த அரங்கத்தின் முன்கூடச் சரிவுக் கூரை முழுக்க சீகார்ட் கில்லே வரைந்த பிரம்மாண்டமான ஓவியம். இரவில் கண்ணாடி வழியே அதன் நிறங்கள் டிராம் நிறுத்தம் வரைக்கும் தெரியும். கச்சேரி முடிந்து குளிரில் நிற்கும்போது, கறுப்பு உடைக்கு மேல் தடித்த கோட்டு மாட்டி, முதுகில் செல்லோ பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பெண் அதே டிராமுக்குக் காத்திருப்பார். பெட்டியின் பிடியில் சிவப்பு கம்பளி நூல் சுற்றியிருக்கும், குளிரில் கை ஒட்டாமல் இருப்பதற்காக இருக்கலாம். ஒருநாளும் பேசவில்லை. சனிக்கிழமைகளில் முகம் தெரியாமல் கேட்ட கைகளில் அவருடையதும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம்.

பெயர்த்தெடுத்த மெண்டல்சன் சிலையின் மறுவார்ப்பு 2008-இல் தாமஸ் தேவாலயத்துக்கு அருகே நிறுவப்பட்டது. கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இங்கே கோடைக்காலத்தில் மாலை ஆறரை ஆனால் அங்கே மூன்று மணி. அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும், தெருவில் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். சனிக்கிழமைகளில் நான் ஸ்பீக்கரை எடுத்து நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.