முதலில் பிரதி, பிறகு பழுது

மே மாத வெயிலில் கரோல் பாக்கின் இரண்டாம் மாடி வீடு ஒன்றில் அந்தக் கம்ப்யூட்டர் நோயில் விழுந்தது. முதல் நாள் ஒரு கோப்பைத் திறக்க ஐந்து நிமிடம் பிடித்தது. இரண்டாம் நாள் திரை அப்படியே உறைந்து நின்றது. மூன்றாம் நாள் பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. வயது 71. பெங்களூரில் இருக்கும் பேரனுக்குப் போன் போட்டார்.

"செக் டிஸ்க் போடுங்க பாட்டி. சரியாகலைன்னா ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றான் பேரன்.

செக் டிஸ்க் இரவு முழுக்க ஓடியது. விடியும்போது 11 சதவீதத்தில் நின்றது. ஃபார்மேட் என்ற சொல்தான் ஆசிரியையின் வயிற்றைக் கலக்கியது. காரணம், அந்தப் பெட்டிக்குள் இருந்தது 1998-லிருந்து அவர் சேர்த்த பழமொழிகளும் வழக்குச் சொற்களும். தில்லிக்கு அரசு வேலையாய் வந்த கணவர்களோடு கும்பகோணம், பாலக்காடு, திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்து வந்து கரோல் பாக்கில் குடியேறிய பெண்கள் சொன்னவை. சொன்னவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்ற குறிப்புகளுடன் 312 கோப்புகள். அந்தப் பெண்களில் பலர் மயூர் விஹாருக்கும் துவாரகாவுக்கும் வீடு மாறிப் போய்விட்டார்கள். பாதிப் பேர் உயிரோடு இல்லை. காகிதத்தில் பிரதி கிடையாது. பென் டிரைவிலும் கிடையாது.

கஃபார் மார்க்கெட்டின் பின்பக்கச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறார் ஒரு மெக்கானிக். பீகார்காரர். பெட்டியை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனார் ஆசிரியை. மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி கம்ப்யூட்டரைப் பற்றியதல்ல. "ஆன்ட்டிஜி, இதில் உங்களுக்கு வேண்டியது பெட்டியா, உள்ளே இருப்பதா?"

"உள்ளே இருப்பதுதான்."

உடனே ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். பிறகுதான் மற்ற பாகங்களைத் தொட்டார். அங்கேதான் பாதி வெற்றி.

ஏன் என்று புரிய ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் 50 தட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று மேஜை மேல் இருக்கும் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், அதாவது தலைமயிரின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. அது தட்டைத் தொட்டால் கீறல். கீறிய துகள் இன்னொரு கீறலுக்குக் காரணம். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஒவ்வொரு முறை மின்சாரம் பாய்ச்சுவதும் மிச்சமிருக்கும் ஆயுளில் ஒரு பிடியைச் செலவழிப்பதுதான். செக் டிஸ்க் போன்ற பழுது நீக்கும் நிரல்கள் மணிக்கணக்கில் அதை உழுகின்றன. போதாததற்கு, படிக்க முடியாத கோப்புகளின் முகவரியைத் திருத்தி எழுதியும் விடுகின்றன. நோயாளிக்கு மூச்சு வாங்கும்போது ஓடவிட்டுப் பார்ப்பது போன்ற வைத்தியம்.

மெக்கானிக் வேறொரு பழைய டிஸ்க்கை மாட்டிப் பெட்டியைச் சோதித்தார். மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. நீளமாக 'பீப்' மட்டும். ராம் சில்லைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். திரை வந்தது. தில்லித் தூசியின் திருவிளையாடல்! அடுத்து, மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ட் இருக்க வேண்டிய கம்பியில் 11.1. ஐந்து சதவீதம் வரை ஏற இறங்க இருக்கலாம், 11.4-க்குக் கீழே போகக் கூடாது. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு கெபாசிட்டர்கள் வெயிலில் வெந்து வயிறு உப்பிக் கிடந்தன. 'டக், டக்' சத்தத்துக்கு அதுதான் காரணம்: மின்சாரம் போதாமல் டிஸ்க்கின் முனை பாதி வழியில் சோர்ந்து திரும்பத் திரும்பப் புறப்பட்டிருக்கிறது. புது எஸ்.எம்.பி.எஸ்., புதுக் கேபிள். சத்தம் நின்றது.

ஆனால் நோய் முழுதாகத் தீரவில்லை. 'ஸ்மார்ட்' என்ற பெயரில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாடு உண்டு. அதைப் பார்த்தபோது, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் பல இருந்தன. இந்தக் குறிப்பை அலட்சியம் செய்யக் கூடாது. முழுதாக நம்பவும் கூடாது. 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் தங்களுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து சொன்னது இது: முதல் படிப்புப் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைப்போல் 39 மடங்கு. அதே சமயம், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டாமலே செத்தன.

அதனால் மெக்கானிக் பழுது நீக்க முயலவில்லை. பிரதி எடுத்தார். லினக்ஸில் ஓடும் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச நிரல், நல்ல பகுதிகளை முதலில் புதிய டிஸ்க்குக்குக் கொண்டுபோய்விடும். கெட்ட பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வந்து மோதிப் பார்க்கும். உ.வே. சாமிநாதையர் காலத்திலும் இதே முறைதான்: ஒடியும் நிலையில் உள்ள ஏட்டை முதலில் பெயர்த்து எழுதுவார்கள், பாட பேத ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

ஒரு இரவும் ஒரு பகலும் ஓடியது. 500 ஜிகாபைட்டில் வராமல் போனது 88 கிலோபைட். ஆனால் கோப்புகளைத் திறந்ததும் மெக்கானிக்கின் முகம் வாடியது. 2004 வரையிலான கோப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாய்க் குப்பை. "இவை போய்விட்டன, ஆன்ட்டிஜி."

ஆசிரியை சிரித்தார். அது டிஸ்க்கின் பிழையல்ல என்று அவருக்குத் தெரியும். யூனிகோடு பரவாத காலத்தில் தமிழுக்கு ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு குறியீடு வைத்திருந்தது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று தரப்படுத்தியும் குழப்பம் சீக்கிரத்தில் ஓயவில்லை. பழைய எழுத்துருவைப் பிரதியிலிருந்தே தேடி நிறுவினார். குப்பை தமிழாகியது.

தொலைந்தது மூன்று கோப்புகள், 41 பழமொழிகள். இப்போது மீதிக்கு மூன்று பிரதிகள்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று அலமாரியில், ஒன்று பெங்களூரில்.

அந்த 41-ஐச் சொன்ன மூன்று பெண்களில் ஒருவர் மட்டும் இருக்கிறார். மயூர் விஹாரில், வயது 89. ஆசிரியை போன் செய்தார். "மாமி, 2003-ல் ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து நிறையச் சொன்னேளே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாமல்? எழுதிக்கோ" என்றார் மாமி.

பதினான்கு பழமொழிகள் வந்தன. அன்று சொன்னவைதானா இவை என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.