குட்டிக்கு எத்தனை மைல்?

நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை கைப்பேசியும் கையுமாக, முகம் வாடி அமர்ந்திருக்கக் கண்டால் உங்கள் மனம் என்ன பாடுபடும்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாவது ஷிப்டு முடித்து, சென்ற மழைக்காலத்து ஓர் இரவில் வீடு திரும்பிய எனக்கு அந்தக் காட்சிதான் காத்திருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகனின் கைப்பேசித் திரையில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பந்தயமா?" என்று கேட்டபோது என் குரல் நடுங்கியது. கிண்டிப் பந்தயத் திடலில் சம்பளத்தைத் தொலைத்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. பின்னர் 1996இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு எதுவாயினும், பணம் வைத்து ஆடும் சூது நமக்கு ஹராம் என்பதில் ஐயமில்லை.

"பணம் எதுவும் இல்லை, அத்தா" என்று அவன் விளக்கினான். குட்டி ஒன்றை வளர்த்து, தீனியும் பயிற்சியும் கொடுத்து, எந்தப் பந்தயத்தில் ஓட விடுவது என்று முடிவு செய்யும் பாவனை விளையாட்டு அது. 1991இல் ஜப்பானில் வெளிவந்த 'டெர்பி ஸ்டாலியன்' இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒன்று என்று பின்னர் அறிந்துகொண்டேன். நானே சோதித்துப் பார்த்தேன். பணம் கட்டுவதும் இல்லை, வெல்வதும் இல்லை. மனம் சற்று ஆறியது.

அவனது வாட்டத்திற்குக் காரணம் அவனுடைய இரண்டு வயதுக் குட்டி. முதல் நான்கு பந்தயங்களிலும் அதுவே முதலாவதாக வந்ததாம். அதன்பின் ஐந்தாவது, எட்டாவது, அன்றிரவு கடைசி.

"குதிரை சரியில்லையோ?" என்றேன்.

"இல்லை அத்தா. நான்தான் அதிகம் ஓட்டிவிட்டேன். ஜெயித்துக்கொண்டே இருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை. ஓய்வே கொடுக்காமல், 1200 மீட்டர் ஓடியதை 2000 மீட்டருக்கு விட்டேன்."

வாசகர்களே, அந்நேரம் என் சட்டைப் பையில் அவனது காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் மடித்திருந்தது. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவன் இயற்பியலில் பாதிகூடப் பெறவில்லை. அதைக் காட்டிக் கண்டிக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கியபடியே வந்திருந்தேன். சுப்ஹு தொழுததும் ரயிலேறிப் பொன்னேரியில் டியூஷன், பிறகு பள்ளி, மாலையில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி, ஞாயிறன்று மாதிரித் தேர்வு. இந்த ஏற்பாடு முழுவதும் என்னுடையது. அவனும் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தான். எனக்கும் நிறுத்த மனம் வரவில்லை.

பட்டியலை வெளியே எடுக்காமலே படுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த விடுமுறை நாட்களில் குதிரைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். பந்தயக் குதிரைகளை இரண்டு வயதிலேயே ஓட விடுகிறார்கள். அவ்வயதில் அவற்றின் எலும்புகள் முழுமையாக இறுகியிருப்பதில்லை. வேகப் பயிற்சி மிகும்போது முன்கால் எலும்பில் நோவு காண்பது இளங்குதிரைகளிடம் சாதாரணம். இன்னொன்றும் உண்டு. பந்தயக் கணக்கில், இந்தியாவில் குதிரைகள் அனைத்திற்கும் ஜனவரி 1ஆம் நாளே பிறந்தநாள். ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதம் பிறந்த குட்டியும் ஒரே வயதென்று ஒரே கோட்டில் நிறுத்தப்படுகின்றன. நாமும் பிள்ளைகளை அப்படித்தானே நிறுத்துகிறோம்!

அப்போது நெடுநாள் முன் கேட்ட ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டம் நடத்தியதை அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் பதிவாகியுள்ளது. நன்கு பழக்கி உடல் கட்டுப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்து அல்லது ஆறு மைல். அவ்வாறு பழக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரே மைல். இந்த ஹதீஸைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டு தூரங்கள் வைக்கப்பட்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

நம் முன்னோருக்கும் குதிரைக்கும் உறவு பழையது. 'இராவுத்தர்' என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்று பொருள் கூறுவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் போன்ற துறைகளிலிருந்து ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகள் அரசனுக்காக வாங்கப்பட்டதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமையே காரணம் என்பது அவர் கூற்று. பொன் கொடுத்து வாங்கத் தெரிந்தது, பேணத் தெரியவில்லை.

எங்கள் ஆலையில் இயந்திரங்களைக் குறித்த நாளில் நிறுத்திச் செப்பனிடுகிறோம். உற்பத்தி குறைகிறதே என்று எவரும் இயந்திரத்தைத் திட்டுவதில்லை. இரும்புக்குக் காட்டிய இந்த நிதானத்தை என் பிள்ளைக்குக் காட்டவில்லை.

அவ்வார வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மகனை அருகில் அமர்த்தி, மதிப்பெண் பட்டியலை எடுத்தேன். அவன் தலை குனிந்தான். "இது உன் பட்டியல் மட்டுமல்ல, என்னுடையதும்தான்" என்றேன். மாலைப் பயிற்சியை நிறுத்துவதென்றும், ஞாயிறு முழுதும் அவனுக்கே உரியதென்றும் முடிவு செய்தோம். மருத்துவப் படிப்பு அவனது விருப்பமா, என்னுடையதா என்று முதன்முறையாகக் கேட்டேன். "தெரியவில்லை, அத்தா" என்றான். அந்தப் பதில் என்னைச் சுட்டது. ஆனால் அது உண்மையான பதில்.

அரையாண்டில் இயற்பியல் மதிப்பெண் சற்றே உயர்ந்தது. முதலிடம் திரும்பவில்லை. குட்டியை மூன்று மாதம் மேய்ச்சலுக்கு விட்டிருப்பதாகச் சொன்னான். அவனோ இஷா தொழுது, உண்டு, நேரத்தோடு உறங்குகிறான்.

எவராலும் முந்தப்படாதிருந்த நபியவர்களின் ஒட்டகம் அள்பா, ஒருமுறை நாட்டுப்புற அரபி ஒருவரின் இளம் ஒட்டகத்திடம் பின்தங்கியது. தோழர்கள் வருந்தினர். உலகில் உயரும் எதுவும் தாழ்வதும் இறைவனின் நியதியே என்று அண்ணலார் அவர்களைத் தேற்றினார்கள். ஒட்டகத்தைக் கடிந்துகொண்டதாகச் செய்தி இல்லை.

வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குட்டி திடீரெனப் பின்தங்கியிருக்கலாம். சாட்டையைத் தேடுமுன், அதற்கு நீங்கள் வைத்த தூரம் எத்தனை மைல் என்று ஒருமுறை அளந்து பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.