இருதயமும் சிறுநீரகமும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து மீன் விற்ற மூதாட்டி ஒருவர் நம் பங்கில் உண்டு. வயது 74. நெஞ்சுவலி அடிக்கடி வரவே, இருதய இரத்தக் குழாய்களைப் படமெடுக்க மருத்துவமனையில் சேர்த்தனர். நாம் காணச் சென்றபோது அவர் மகன் கொதித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, கிரியேட்டினின் 1.2. சரியான அளவு என்று சீட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் நாளைக்குத்தான் படமெடுப்பார்களாம். பணம் பறிக்கிற வேலை!”

நாமும் அவர் பக்கமே சாய்ந்தோம். அதே ஐயத்துடன் மருத்துவரை அணுகினோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து தோன்றும் கழிவு. மெலிந்த முதியோரிடம் தசை குறைவு. ஆதலின் சிறுநீரகம் தளர்ந்திருப்பினும் எண் சரியாகவே தோன்றும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அம்மூதாட்டியின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 47 மில்லி அளவே வடிகட்டுகின்றன. 60-க்குக் குறைந்தாலே எச்சரிக்கை வேண்டும். ஹீமோகுளோபினும் 9 தான். படமெடுக்கச் செலுத்தும் அயோடின் கலந்த சாயமருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. தளர்ந்த சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கக்கூடும். அத்தீங்கு அன்றே தெரியாது. இரண்டு மூன்று நாட்களில் கிரியேட்டினின் ஏறும்போதே வெளிப்படும். இதனை முன்னறிய, 2004-இல் ரொக்சானா மெஹ்ரான் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தனர். முதுமை, நீரிழிவு, இரத்தசோகை, இருதயத் தளர்ச்சி, சிறுநீரக நிலை, சாயமருந்தின் அளவு ஆகியன அதில் இடம்பெறுகின்றன.

“முழங்கால் வலிக்கு மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறாரா?” என்று மருத்துவர் வினவினார். மகன் விழித்தார். மூதாட்டியே தலைகுனிந்து சொன்னார்: கடையில் வாங்கிப் பல ஆண்டுகளாக நாள்தோறும் விழுங்குகிறாராம். வீட்டில் எவருக்கும் தெரியாது. வீடு சந்திக்கச் செல்லும் நமக்கும் தெரியாது.

மாத்திரை நிறுத்தப்பட்டது. இரவில் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினர். மறுநாள் குறைந்த அளவு சாயமருந்துடன் படமெடுத்து, ஸ்டென்ட் பொருத்தினர். மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.3. மகனும் நாமும் மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அன்பர்களே, மாரடைப்பு நேர்ந்த அவசர வேளையில் இவ்வாறு காத்திருத்தல் ஆகாது. அடைப்பை நீக்குவதே அப்போது முதற்கடன். நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கோ இச்சிறு இரத்தப் பரிசோதனை பெருங்காவல். எண்ணூர் முதல் இராயபுரம் வரை, உழைத்துத் தேய்ந்த முழங்கால்கள் நம் இல்லங்களில் ஏராளம். பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமுன், அவர்கள் தலையணைக்கடியில் என்ன மாத்திரை இருக்கிறதென அன்போடு கேளுங்கள். அதனை மருத்துவரிடம் மறையாது சொல்லுங்கள். வீடு திரும்பியபின் அவர் குறித்த நாளில் மறுபரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.