குளோசிங் தேதி இல்லாத டைரக்டரி

கோவையில் தொழில் டைரக்டரி தொகுத்து விற்பது என் பிழைப்பு. பம்ப்செட், வெட் கிரைண்டர், ஃபவுண்டரி, மில் ஸ்பேர்ஸ் என்று ஊரின் பட்டறைகளைத் தலைப்புவாரியாக அடுக்கி, வருஷத்துக்கு ஒரு தடிமனான புத்தகம் போடுவோம். அதன் வரவு செலவு முழுக்க ஒரே ஒரு தேதியின் மேல் நின்றது. குளோசிங் தேதி. அதற்குள் ஆர்டர் ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதவருக்கு அடுத்த பதிப்பு வரை புத்தகத்தில் விளம்பரம் கிடையாது. எதிர் வரிசைப் பட்டறைக்காரருக்கு இருக்கும். பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் எங்கள் கேன்வாசர்கள் இதைத் தவிரப் பெரிதாக எதையும் சொல்லி விற்றதில்லை. போன வருஷ விளம்பரத்தின் ஜெராக்ஸை மேஜையில் வைத்து, "அதே சைஸ் போட்டுறலாமுங்களா, இல்ல கால் பக்கம் பண்ணிக்கலாமுங்களா?" என்று கேட்டால் போதும்.

பாதித் தொகை அட்வான்ஸ். அதில்தான் பேப்பர் வாங்குவோம். மீதித் தொகை புரூஃப் ஓகே ஆனதும் வரும். அச்சகத்துக்கு நாங்கள் கொடுக்கும் முன்பே விளம்பரதாரர் எங்களுக்குக் கொடுத்து முடித்திருப்பார். அடுத்தவர் முன்பணத்தில் இவ்வளவு நிம்மதியாக ஓடும் தொழில் வேறு அதிகம் இல்லை. புத்தகத்தை விட்டு இணையத்துக்குப் போகிறவர்கள் வாசகர் வருவாரா, மாட்டாரா என்றே கவலைப்படுகிறார்கள். வாசகர் எப்போதோ போய்விட்டார், அவரைத் தேடித்தான் நாமும் போகிறோம். என் கவலை அந்தத் தேதியைப் பற்றியது. இணையத்தில் எந்த நாளும் சேரலாம் என்றால் இன்றைக்கு ஏன் சேர வேண்டும்? வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வந்த பணம் மாதாமாதம் சில்லறையாக வருகிறது, பிடிக்காவிட்டால் மூன்றாம் மாதமே நின்றும் போகிறது. ஆனால் சிங்காநல்லூர் போய்வரும் கேன்வாசரின் சம்பளமும் பெட்ரோல் செலவும் அப்படிச் சில்லறையாகக் குறைவதில்லை.

இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் தன் டைரக்டரிப் பிரிவை 2006இல் ஐடியார்க் என்ற பெயரில் தனியாகப் பிரித்தது. பிரியும்போதே சுமார் 900 கோடி டாலர் கடன் அதன் தலையில் இருந்தது. 2009 மார்ச்சில் ஐடியார்க் திவால் மனு கொடுத்தது. இரண்டே மாதத்தில் இன்னொரு டைரக்டரி நிறுவனமான ஆர்.எச். டோனெல்லியும் கொடுத்தது. பெயர் மாறி, 2013இல் இரண்டும் டெக்ஸ் மீடியாவாக இணைந்து, 2016இல் மறுபடியும் நீதிமன்றம் ஏறின. அந்தப் புத்தகங்கள் அப்போதும் காசு கொண்டுவந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அதே அளவு காசு என்றைக்கும் வரும் என்று நம்பி வாங்கிய கடனை, வருஷா வருஷம் இளைத்துவரும் புத்தகத்தால் சுமக்க முடியவில்லை. எங்களைப் போன்ற சின்னப் பதிப்பாளர்களிடம் இதன் குட்டி வடிவம் உண்டு. பேப்பர் கடையில் தவணை, வங்கியில் ஓவர் டிராஃப்ட் (ஓடி). புத்தகம் மெலியத் தொடங்கிய பிறகு அந்த ஓடியை வைத்து இணையதளம் கட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஜஸ்ட் டயலைக் காட்டி, அவர்களால் முடிந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. 1996இல் அவர்கள் தொடங்கியதே தொலைபேசியில்தான். கேட்டவருக்குக் கேட்ட நிமிடத்தில் எண் சொன்னார்கள். அவர்களுக்குப் பழைய புத்தகமும் கிடையாது, குளோசிங் தேதியும் கிடையாது. இணையத்துக்கும் பிறகு செயலிக்கும் போனது அவர்களுக்கு அடுத்த அறைக்குப் போவதைப் போல. 2021இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் 3,497 கோடி ரூபாய்க்கு அதன் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. யெல்லோ பேஜஸ் வழியில் வந்த கெட்இட், ஆஸ்க்மீ என்ற பெயரில் இணையத்தில் பல கிளைகளாகப் பரவி, 2016இல் மூடப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு.

டைரக்டரிக்காரர்கள் தாமாகப் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து ஒன்று உண்டு: புத்தகத்தில் விளம்பரம் கொடுத்தால் இணையத்தில் இலவசம். கேன்வாசருக்கு இது எளிது, விளம்பரதாரருக்கும் இனிக்கும். ஆனால் அன்றைக்கே இணையப் பதிவின் விலை சைபர் என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு புத்தகம் நிற்கும் நாளில், இதுவரை சும்மா கொடுத்ததற்கு இப்போது என்ன காசு என்ற கேள்வி வரும், பதில் இருக்காது. தொகை சிறியதானாலும் இணையத்துக்குத் தனி ஃபாரம், தனி பில் போட வேண்டும். வரியிலும் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அச்சு விளம்பர இடத்துக்கு 5 சதவீதம் என்று வைத்தார்கள், ஆனால் வணிக டைரக்டரியும் யெல்லோ பேஜஸும் அந்தச் சலுகையில் சேராது என்று விளக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். நமக்கு அச்சானாலும் இணையமானாலும் 18தான்.

காசு கேட்டால் கணக்கும் கேட்பார்கள். பம்ப் ஸ்பேர்ஸ் விற்கும் ஒரு பெரியவர், பல பதிப்புகளாக எங்களிடம் பின் உள்ளட்டை எடுத்தவர், இணையப் பதிவு பற்றிச் சொன்னதும் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இதுல எத்தனை போன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமுங்களா?" தெரியும் என்றேன். "அப்ப புஸ்தகத்துல வந்தது எத்தனைன்னும் சொல்லுங்க பாப்போம்." அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. எங்கள் புத்தகத்தில் எந்த விளம்பரம் எத்தனை அழைப்பு கொண்டுவந்தது என்று யாரும் எண்ணியதில்லை. ஊரில் பெயர் தெரிவதும், மேஜையில் புத்தகம் கிடப்பதும் அந்தப் பணத்துக்குள் அடக்கமாக இருந்தன. எண்ணத் தொடங்கியதும் அழைப்பு மட்டுமே சரக்காகிவிடுகிறது. அழைப்பே சரக்கு என்றால், ஒருவர் கேட்ட விசாரணையை ஐந்து கடைக்கு விற்கலாமே என்ற ஆசை வரும். விசாரித்த மனிதருக்கு ஐந்து இடத்திலிருந்து போன் வரும். ஐந்து கடையும் விலையைக் குறைத்துக்கொண்டு நம்மைத் திட்டும். மாதக் கணக்கில் இது நல்ல வருமானம்தான். வருஷக் கணக்கில் இதைவிட வேகமாக ஒரு டைரக்டரியின் பெயரைக் கெடுப்பது வேறு எதுவும் இல்லை.

கூகுள் மேப்பில் கடைக்காரர் தானே இலவசமாகப் பதிந்துகொள்ளும் காலத்தில் எங்களிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், தலைப்புகளைக் காட்டுவேன். "ஃபவுண்டரி" என்று தேடினால் எந்த வரைபடமும் நூறு புள்ளி காட்டும். ராஜ்கோட்டிலிருந்து ஒருவர் எஸ்.ஜி. அயர்ன் வார்ப்படம் தேடுகிறார் என்றால் அந்தப் புள்ளிகளால் அவருக்கு என்ன பயன்? எங்கள் புத்தகத்தில் கிரே அயர்ன் தனி, எஸ்.ஜி. அயர்ன் தனி, அலுமினியம் தனி. தகவல் எடுக்கப் போகிறவர் கேட்டு வர வேண்டியவை: ஒரே வார்ப்பில் அதிகபட்சம் எத்தனை கிலோ, பேட்டர்ன் சொந்தத்தில் செய்கிறாரா, மெஷினிங் முடித்துக் கொடுப்பாரா, வெளியார் ஜாப் ஒர்க் எடுப்பாரா. பட்டறைக்குள் நின்று, ஃபர்னஸைக் கண்ணால் பார்த்து எழுதியவை இவை. இணையதளம் கட்டித்தர வந்த இளைஞர்கள் இந்தத் தலைப்பு அட்டவணையைத்தான் முதலில் தூக்கிப் போடச் சொன்னார்கள், தேடல் பெட்டியே போதும் என்றார்கள். நான் மறுத்தேன். தேடுபவர் சரியான சொல்லை அடிக்கும்போதுதான் பெட்டி வேலை செய்யும். இன்னதைக் கேட்க வேண்டும் என்பதையே தெரியாதவருக்கு வழிகாட்டுவது தலைப்பு.

இப்படிச் சேர்த்த தகவலை இணையத்தில் போட்டால் ஒரே இரவில் ஒருவர் நிரல் எழுதி அள்ளிக்கொண்டு போய்விடலாம். புத்தகத்தைத் தட்டச்சு செய்து திருட ஆள் பலம் வேண்டும், இதற்கு வேண்டாம். திருட்டைப் பிடிக்க இல்லாத பெயர்களைச் செருகி வைப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து ரூரல் டெலிபோன் நிறுவனம் அப்படித்தான் செய்தது. ஃபைஸ்ட் பதிப்பகத்தின் டைரக்டரியில் அந்தப் பொய்ப் பெயர்கள் நான்கு அகப்பட்டன. இருந்தும் 1991இல் உச்ச நீதிமன்றம் ரூரலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதில் படைப்பு எதுவும் இல்லை, உழைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. இங்கே 1995இல் டெல்லி உயர் நீதிமன்றம், உழைத்துத் தொகுத்த முகவரித் தொகுப்பைப் பாதுகாத்தது. ஆனால் 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது சொந்த அறிவும் தேர்வும் வேண்டும் என்றது. அதனால்தான் தலைப்புப் பகுப்பையும் நேரில் பார்த்து எழுதிய குறிப்புகளையும் விடக் கூடாது என்கிறேன். சட்டத்தில் நம்முடையது என்று சொல்லிக்கொள்ள அவைதான் இருக்கின்றன.

லேண்ட்லைன் காலத்தில் எண் கடைக்குச் சொந்தம். இப்போது பாதிப் பட்டறைகளில் முதலாளியின் செல் எண்தான் கடை எண், அதே எண்ணில்தான் வீட்டாரும் பேசுகிறார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு, எதை வெளியிடலாம் என்ற சம்மதத்தை வாய்ப்பேச்சாக விட்டுவைக்க முடியாது. எங்கள் ஃபாரத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்து, தனிக் கையெழுத்து வாங்குகிறோம். கேன்வாசர்களுக்கு இது எரிச்சல், ஆனாலும் வாங்கியாக வேண்டும்.

பிரிட்டனில் 1966இல் பிரைட்டனில் தொடங்கிய யெல்லோ பேஜஸ், 2019 ஜனவரியில் அதே பிரைட்டனில் கடைசி அச்சுப் பிரதிகளைக் கொடுத்து முடித்தது. நிறுத்தப் போவதை 2017லேயே சொல்லிவிட்டார்கள். அந்த அவகாசம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் தலைப்பு தலைப்பாக நிறுத்துகிறோம். ஓட்டல், பியூட்டி பார்லர், டிராவல்ஸ் பகுதிகள் அச்சில் இனி வேண்டாம். அவற்றைப் புத்தகத்தில் தேடுபவர் இல்லை. இயந்திரம், வார்ப்படம், பம்ப், மில் ஸ்பேர்ஸ் பகுதிகள் அச்சில் தொடரும், வெளியூர் பர்ச்சேஸ் ஆபீஸ்களில் அவற்றுக்கு இன்னும் இடம் இருக்கிறது. இணையப் பதிவையும் வருஷக் கணக்கில்தான் விற்கிறோம், புத்தகத்துக்கு உள்ள அதே ஆகஸ்ட் 31 குளோசிங். ஒவ்வொரு பதிவின் கீழும் எந்த மாதம் நேரில் சரிபார்த்தது என்று போடுகிறோம். ஒரு வருஷம் தாண்டியும் சரிபார்க்க முடியாத பதிவை, விளம்பரதாரருடையதாக இருந்தாலும், எடுத்துவிடுகிறோம்.